காப்பகத்தில் பெரிய நாற்காலிகள்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, சின்னவள் மூவரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, தூங்க வேண்டிய நேரத்தில் தூங்கி, சளி இருமல் அண்டாமல் இருப்பாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். நீ வேலையை விட வேண்டாம். ராஜினாமா எழுதி வைத்திருந்தால் கிழித்துப் போடு. மற்றவை நேரில்.

அக்கா, மேலே இருப்பது மட்டும்தான் அம்மா சொன்னது. இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "முடிஞ்சது, மடிச்சு ஒட்டு" என்று இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். இதை இப்படியே அனுப்பினால் நீ என்ன நினைப்பாய்? அம்மா வழக்கம்போல் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளிக்கிறாள் என்று நினைத்து மறுநாளே எழுதிக் கொடுத்துவிட்டுப் பெட்டியைக் கட்டுவாய். அதை நான் போய்ச் சொன்னதும், "அப்ப நீயே எழுது, உனக்குத்தான் எழுத எழுத இனிக்குமே. ஆனா என் லெட்டராத்தான் போகணும். புத்தகத்துல படிச்சதையெல்லாம் அவ தலையில கொட்டாதே" என்றாள். ஆகவே இது அம்மாவின் கடிதம்தான், கை மட்டும் என்னுடையது. போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போனில் பேசினால் நீ அழுகிறாய், உடனே அம்மா அழுகிறாள், அதற்குள் உனக்கு ஷிப்ட் மணி அடித்துவிடுகிறது, விஷயம் அந்தரத்தில் நிற்கிறது. இதை எழுதி முடித்ததும் படம் எடுத்து உன் போனுக்கு இன்றைக்கே அனுப்பிவிடுவேன், தாள் பின்னால் தபாலில் வரும்.

முதலில் தலைப்புச் செய்தி. அம்மா வேலையை விடவில்லை! அப்பா பகலில் இருப்பதற்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது! எங்கே தெரியுமா, அம்மாவின் சட்டைக் கம்பெனிக்குள்ளேயே! நேற்று சாயங்காலம் நோட்டீஸ் பலகையில் ஒட்டிவிட்டார்கள், அம்மா அதை மூன்று தடவை படித்துவிட்டு, படித்தது சரிதானா என்று வாசல் காவலாளியிடம் ஒரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாளாம். எனக்குக் கை பரபரக்கிறது, எழுத்து கோணலாக வந்தால் பொறுத்துக்கொள். இனி வரிசையாகச் சொல்கிறேன்.

நீ இங்கிருந்து போனபோது அப்பா சாவியை மறப்பார், சொன்னதையே திரும்பச் சொல்வார், அவ்வளவுதான். இப்போது அப்படி இல்லை. மின்சார மீட்டர் ரீடிங் எடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றது அவருக்கு நினைவில்லை. காலையில் சட்டைப் பையில் பேனாவைக் குத்திக்கொண்டு கிளம்பிவிடுகிறார். யார் வீட்டுக் கதவு திறந்திருக்கிறதோ அதற்குள் நேரே நுழைந்து, கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, மீட்டர் பெட்டிக்கு முன்னால் சைக்கிளை நிறுத்தினது யார் என்று அதட்டுகிறார். தெருவில் பழகியவர்கள், "இந்த மாசம் கொஞ்சம் கம்மியா போடுங்க சார்" என்று சிரித்து அனுப்பிவிடுவார்கள். மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவருக்கு அது தெரியாது. திருடன் என்று நினைத்துப் பிடித்துத் தள்ளிவிட்டார், அப்பாவுக்கு முழங்கையில் தோல் உரிந்தது. இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. காயம் ஆறிவிட்டதால் கட்டளையும் காலாவதியாகிவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன். அதற்குப் பிறகு அவரைத் தனியே விடவே முடியவில்லை. அம்மா சில நாள் லீவு போட்டாள், நான் சில நாள் பள்ளிக்குப் போகாமல் இருந்தேன், அது உனக்கு எப்படியோ தெரிந்து போனில் நீ போட்ட சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டது. அம்மா வேலையை விடுவதாகச் சொன்னாள், உடனே நீ, "நான் விட்டுட்டு வரேன், நீ போம்மா, சின்னவ ஸ்கூலுக்குப் போகட்டும்" என்றாய். நானும் மனத்துக்குள், ஒரு வருஷம் பள்ளியை நிறுத்தினால் என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு வீட்டில் மூன்று பேர், யார் முதலில் கிணற்றில் குதிப்பது என்று போட்டி போட்டால் அந்த வீடு உருப்படுமா, நீயே சொல்.

இப்போது கொஞ்சம் புத்தக விஷயம், அம்மா இஸ்திரி போடுகிறாள், கவனிக்கவில்லை. பள்ளி நூலகத்தில் பொருளாதாரப் புத்தகம் ஒன்று எடுத்தேன். இந்த மறதி நோயால் ஒரு சமூகத்துக்கு ஏற்படும் செலவைப் பற்றி அதில் ஒரு அத்தியாயம் இருந்தது. மருந்து, டாக்டர் என்று போவது அதில் சிறு பங்குதானாம். பெரும் பங்கு, வீட்டில் சம்பளம் இல்லாமல் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறவர்களின் உழைப்பு. அது யாருடைய கணக்கிலும் ஏறுவதில்லை, ஏனென்றால் அதற்கு யாரும் ரசீது போடுவதில்லை. எனக்கு முதலில் அது புரியவில்லை. ரசீது இல்லாத செலவு எப்படிச் செலவாகும்? பிறகு ஒரு நாள் கணக்கு வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது சுரீரென்று புரிந்தது. எங்கள் கணக்கு டீச்சர் இந்தப் பருவம் முழுவதும் வரவில்லை. அவருடைய அப்பாவுக்கும் இதே நோய், பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. அவருக்குப் பதிலாக விளையாட்டு சார் வந்து கதவோரம் நாற்காலி போட்டுக்கொண்டு, "சத்தம் போடாம ஏதாவது படிங்க, எனக்கும் கணக்குக்கும் ஆகாது" என்கிறார். எங்கோ ஒரு தெருவில் முகம் தெரியாத ஒரு தாத்தாவுக்கு மறதி வந்தது, இங்கே ஒரு வகுப்பே இருபடிச் சமன்பாடு தெரியாமல் பரீட்சைக்குப் போகப்போகிறது! அதே மாதிரி நீ வந்துவிட்டால், உன் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மிஷினுக்குப் பக்கத்தில் உன் இடத்தில் யார் நிற்பார்கள்? உன்னோடு வேலை செய்கிறவர் லீவு போட்ட அன்று நோயாளிகள் நடைவழியில் வெகுநேரம் காத்துக் கிடந்தார்கள் என்று நீதானே சொன்னாய். அவர்களுக்கு நம் அப்பாவை யார் என்றே தெரியாது, ஆனாலும் அப்பாவின் மறதிக்கு அவர்களும் சேர்ந்து விலை கொடுப்பார்கள். இதை நான் அம்மாவிடம் சொன்னபோது, "அதுக்கு நான் என்னடி பண்ணட்டும், எல்லார்கிட்டயும் போய் மன்னிப்பு கேக்கவா" என்றாள். நியாயமான கேள்விதான். புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை, அடுத்த அத்தியாயம் வேறு நோய்க்குப் போய்விட்டது.

ஒரு சனிக்கிழமை அம்மா ராஜினாமாவை எழுதி எடுத்துக்கொண்டு கம்பெனிக்குக் கிளம்பினாள். அப்பாவை விட்டுப் போக முடியாது, ஆகவே நானும் அப்பாவும் கூடப் போனோம். வாசல் காவலாளி தையல் கூடத்துக்குள் வெளியாட்களை விடமாட்டார், வெயிலிலும் நிற்கவைக்க மனமில்லை, அதனால் பக்கத்தில் இருந்த குழந்தைகள் காப்பகத்தில் உட்காரச் சொன்னார். அக்கா, அந்த அறையை நீ பார்க்க வேண்டும்! நம் பள்ளி நூலகம் அளவுக்கு இருக்கிறது, இரண்டு பக்கமும் ஜன்னல், தரையெல்லாம் வழுக்காத விரிப்பு, கழிப்பறை உள்ளேயே. சுவரில் வாத்துப் படம். குட்டிக் குட்டி நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தூசி பிடித்துக் கிடக்கின்றன. அவ்வளவு பெரிய அறையில் இருப்பது இரண்டே குழந்தைகளும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மாவும்தான். சட்டப்படி காப்பகம் வைத்தாக வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள், ஆனால் இப்போது அங்கே தைக்கிறவர்கள் பாதிப் பேர் அம்மா வயதுக்காரர்கள், பிள்ளைகள் எல்லாம் வளர்ந்துவிட்டார்கள். அப்பா போனவுடன் கதவுக்குப் பின்னால் பார்த்தார். அங்கே நிஜமாகவே ஒரு மீட்டர் பெட்டி இருந்தது! எனக்குச் சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியவில்லை. அப்பா எண்களை உரக்கப் படித்தார், ஆயாம்மா கொஞ்சமும் அசராமல், "எழுதிக்கிட்டேன் சார், உக்காருங்க, தண்ணி குடிங்க" என்றார். இரண்டு குழந்தைகளும் அந்த எண்களைப் பாட்டு மாதிரி திரும்பச் சொன்னார்கள். அப்பா உட்கார்ந்தார் அக்கா. எழுந்து வாசலைப் பார்க்காமல், யாரையும் அதட்டாமல், அம்மா வரும்வரை உட்கார்ந்திருந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்துப் பல மாதங்கள் ஆகின்றன.

அங்கே மேனேஜர் அறையில் வேறு கதை. அவருக்குப் பெண்கள் வைத்திருக்கும் பெயர் டார்கெட் சார், நல்லா இருக்கீங்களா என்று கேட்டால்கூட இன்றைக்கு எத்தனை சட்டை என்றுதான் பதில் வருமாம். அம்மா கடிதத்தை நீட்டியதும் அவர் முகம் விழுந்துவிட்டது. "காலர் வைக்க ஆள் எங்கம்மா இருக்கு? போன தடவை ஒருத்தங்க போனாங்க, புதுசா ரெண்டு பேரைப் போட்டேன், மூட்டை மூட்டையா திரும்பி வந்துச்சு. நீங்களும் போனா நான் எங்க போறது" என்றாராம். ஆனால் வழி ஒன்றும் சொல்லவில்லை. திங்கள்வரை யோசியுங்கள் என்று கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டுக்கொண்டார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள், அப்பா அமைதியாக இருப்பதைப் பார்த்தாள், நான் உடனே சொன்னேன், அம்மா, இந்த அறை சும்மாத்தானே கிடக்கிறது, நாலு பெரிய நாற்காலி போட்டால் போதுமே என்று. அம்மாவுக்கு வந்ததே கோபம். "உங்கப்பா என்ன கைக்குழந்தையா? வாத்துப் படத்துக்குக் கீழ உக்கார வைக்கச் சொல்றியா? நான் வேலை செய்யற இடத்துல எல்லாரும் வந்து பாத்துட்டுப் போறதுக்கா?" பஸ்ஸில் வீடு வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். நான் தவறாக ஏதோ சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் கடைசி வாக்கியம் எனக்குக் கேட்டது. அம்மாவுக்கு வாத்துப் படம் பிரச்சினையே இல்லை, அப்பா இப்படி இருப்பது கம்பெனியில் யாருக்கும் தெரியாது, அதுதான் பிரச்சினை. லீவு கேட்கும்போதெல்லாம் தனக்கே தலைவலி, தனக்கே இடுப்பு வலி என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

திங்கள் காலை லீவு போடாமல் அம்மா வேலைக்குப் போனாள், அன்றும் மறுநாளும் அப்பாவோடு இருக்க நான் பள்ளிக்குப் போகவில்லை, கோபிக்காதே. அம்மாவின் ஒரு பக்கத்து மிஷினில் பட்டன் அத்தை, இன்னொரு பக்கத்தில் காஜா அக்கா. ஒருவர் பட்டன் வைப்பவர், மற்றவர் காஜா எடுப்பவர், ஓட்டை கோணல் என்று இவரும் பட்டன் கோணல் என்று அவரும் நாள் முழுக்கச் சண்டை போட்டுக்கொள்வார்கள், அந்தச் சண்டை இல்லாவிட்டால் இருவருக்கும் சாப்பாடு இறங்காது. என் மூளைக் கோளாறைப் பற்றிக் குறை சொல்வதற்காக அம்மா அவர்களிடம், "எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு, புத்தகப் புழு, அதுக்கு என்ன தோணுச்சு தெரியுமா" என்று ஆரம்பித்தாள். பாதியில் பட்டன் அத்தை மிஷினை நிறுத்திவிட்டார். அவருடைய அண்ணன், தபால்காரராக இருந்தவர், அவருக்கும் இதே நோயாம். அத்தை தினமும் அவரை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்கு வருகிறார், மதியம் சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் ஓடிப்போய்க் கதவைத் திறந்து பார்த்துவிட்டு ஓடி வருகிறார். காஜா அக்கா தலையைக் குனிந்துகொண்டே, "என் மாமியாருக்கும் அப்படித்தான், அவங்களோட இருக்கறதுக்குத்தான் எங்க வீட்டுக்காரர் டிரைவர் வேலையை விட்டுட்டார்" என்றாராம். உடனே பட்டன் அத்தை, "அடிப்பாவி, இத்தனை நாளா நூலு அறுந்ததுக்கெல்லாம் ஊரைக் கூட்டினியே, இதை ஒரு வார்த்தை சொன்னியா" என்று கேட்க, "நீங்க சொன்னீங்களா" என்று காஜா அக்கா திருப்பிக் கேட்க, இரண்டு பேரும் அழுதுகொண்டே சண்டை போட்டார்களாம். தோளோடு தோள் உரச உட்கார்ந்திருக்கிற மூன்று பேர், வாய் ஓயாத மூன்று பேர், இதை மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை. அம்மா வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவள் குரலே மாறியிருந்தது. நம் வீட்டுக்கு மட்டும் வந்த தலையெழுத்து என்று நினைத்திருந்தேன் என்றாள்.

மறுநாள் மூன்று பேரும் சேர்ந்து டார்கெட் சார் முன்னால் போய் நின்றார்கள். காப்பகத்தில் இடம் கேட்டார்கள். அவர், ஆறு வயசுக்கு உட்பட்டவங்களுக்குத்தாம்மா காப்பகம், விதி அப்படி என்றார். பட்டன் அத்தை, "எங்கண்ணனுக்கு இப்ப அஞ்சுதான் சார் நடக்குது, அடுத்த வருஷம் நாலாயிடும்" என்றார். சிரிக்கக் கூடாத இடத்தில் எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, மேனேஜருக்குக்கூட. ஆனால் அம்மா சிரிக்கவில்லை. அம்மா சொன்னது: "சார், நான் போனா காலர் நிக்கும். இவங்க போனா பட்டன் நிக்கும், காஜா நிக்கும். நாங்க இரக்கம் கேக்கல. மூணு மிஷின் ஓடணுமா வேணாமா, அதைச் சொல்லுங்க." அக்கா, நம் அம்மா! மளிகைக் கடையில் பாக்கிச் சில்லறையைக்கூடக் கேட்டு வாங்கத் தயங்குகிற அம்மா! பெரிய ஆர்டர் ஒன்று கையில் இருந்ததால் அவர் இறங்கி வந்தார். இரண்டு வாரம் பார்ப்போம், காப்பகத்தில் இருக்கும் அந்த மூன்று பேருக்கு ஏதாவது ஒன்று ஆனாலோ தையல் லைன் நின்றாலோ அன்றைக்கே மூடிவிடுவேன், அதுவரை ராஜினாமா என் இழுப்பறையிலேயே இருக்கட்டும் என்றார்.

இனிதான் கூத்து. கம்பெனியில் ஒரு சட்டையை ஒருவரே தைப்பதில்லை, உனக்குத் தெரியும். ஒரு மேசையில் தோள், ஒரு மேசையில் கை, ஒரு மேசையில் காலர், தன் பங்கை முடித்து அடுத்த மேசைக்குத் தள்ளிவிட வேண்டும். வருஷக்கணக்காக அப்படியே பழகிய கை. அப்பாவையும் மற்ற இருவரையும் பார்த்துக்கொள்வதற்கும் லைன் மாதிரியே ஏற்பாடு செய்தார்கள். லைனில் இருந்த மற்ற பெண்களும் ஆசையாக வந்து சேர்ந்துகொண்டார்கள், ஆளுக்கு ஒரு வேலை, ஆளுக்குக் கொஞ்ச நேரம், மிஷினை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொள்வது. கேட்பதற்கு எவ்வளவு அழகான ஏற்பாடு! முதல் நாள் என்ன ஆயிற்று தெரியுமா? கூட்டி வந்து உட்காரவைத்த அம்மா ரொட்டியும் முட்டையும் கொடுத்துவிட்டு மிஷினுக்குப் போனாள். அடுத்து வந்தவர், "சாப்பிட்டீங்களாண்ணே" என்று கேட்டார், அப்பா, இல்லையே என்றார். பாவம், அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்தவரை இல்லைதான். வந்தவர் தன் டப்பாவைத் திறந்து கொடுத்தார். அதற்கடுத்தவர் கேட்டார், இல்லையே. அதற்கடுத்தவர், "ஐயோ, இவ்வளவு நேரமா பட்டினியா, இந்தப் பொம்பளைங்களுக்கு ஈவு இரக்கம் இருக்கா" என்று கேன்டீனிலிருந்து சுடச்சுட வாங்கி வந்து ஊட்டியே விட்டார். ஆளாளுக்குத் தன் வேலையைக் குறையில்லாமல் செய்தார்கள். சட்டை என்றால் காலர் ஏறிவிட்டதா என்று பார்த்தாலே தெரியும், மனிதருக்கு வெளியே ஒன்றும் தெரியாதே! மத்தியானத்துக்குள் அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார், முகம் வெளுத்துவிட்டது, கம்பெனி நர்ஸ் ஓடி வந்தார், பின்னாலேயே மேனேஜரும். எல்லாம் முடிந்தது, சாயங்காலம் கடிதம் இழுப்பறையிலிருந்து ஆபீசுக்குப் போய்விடும், பெரியவள் பெட்டியோடு வந்து நிற்கப்போகிறாள் என்றே அம்மா நினைத்தாளாம். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்து, "நான் குடுத்தது ரெண்டே ரெண்டு", "நான் கேட்டுட்டுத்தானே குடுத்தேன்" என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் ஆயாம்மா வாயைத் திறந்தார். அதுவரை அவரை யாரும் ஏற்பாட்டில் சேர்க்கவே இல்லை. அவர் குழந்தைகளுக்கான ஆள் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். அவர் சொன்னதை அம்மா எனக்கு அப்படியே நடித்துக் காட்டினாள். "முதல்ல எல்லாரும் வெளிய போங்கம்மா. இவங்க துணியில்ல, ஆளுக்கு ஒரு தையல் போட்டுத் தள்ளிவிடறதுக்கு. காலையிலேர்ந்து சாயந்தரம் வரைக்கும் ஒரே ஆள் கூட இருக்கணும், அந்த ஆளுக்கு என்னென்ன நடந்ததுன்னு தெரியணும். அவருக்குத்தான் நினைவு இல்ல, சுத்தி இருக்கற நமக்குமா இல்ல? எனக்கு ஒரு கை ஆள் குடுங்க, நான் பாத்துக்கறேன். நீங்க போய்த் தைங்க." மேனேஜர் அவரையே பார்த்தார். ஒரு ஆள் போட்டால் மூன்று மிஷினும் நிற்காமல் ஓடுமா என்று கேட்டார். ஓடும் என்றார்கள். இப்ப இத்தனை பேர் மாத்தி மாத்தி எழுந்து போனதில் எவ்வளவு சட்டை போச்சு தெரியுமா என்றார். தெரியும் என்றார்கள். அவர் உதடு அசைய மனத்துக்குள் ஏதோ கணக்குப் போட்டார். அக்கா, எனக்கு அதைக் கேட்டபோது உடம்பெல்லாம் புல்லரித்தது, ஏனென்றால் புத்தகத்தில் இருந்த அத்தியாயம் அதுதான்! இத்தனை நாள் யாரும் போடாத ரசீதை டார்கெட் சார் அந்த நிமிஷம் தன் தலைக்குள் போட்டார். மூடவில்லை. நாளையிலிருந்து ஆயாம்மா சொல்கிறபடி என்றார்.

கை ஆளாக வந்தது யார் என்று ஊகித்துப் பார். காஜா அக்காவின் வீட்டுக்காரர்! வேலையை விட்டுவிட்டுத் தன் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாரே, அவர்தான். சும்மா செய்கிறேன் என்றாராம். ஆயாம்மா விடவில்லை. "சும்மா செஞ்சா சும்மான்னுதான் நினைப்பாங்க. சம்பளம் போட்டாத்தான் இது வேலைன்னு தெரியும். எனக்கும் சேர்த்துக் கேளுங்க, குழந்தைங்களுக்கு மேல மூணு பெரியவங்க சும்மாவா" என்று சொல்ல, அம்மா தலைமையில் போய் அதையும் கேட்டார்கள். எனக்கு அது மிகவும் சரியாகப் பட்டது. அம்மா தலையிலிருந்து இறக்கிய சுமையைச் சம்பளமில்லாமல் இன்னொருவர் தலையில் ஏற்றினால் நாம் என்ன மாற்றினோம்? கேட்டதில் பாதிதான் கிடைத்திருக்கிறது, மீதிக்கு ஆர்டர் முடிந்ததும் மறுபடி போவார்களாம்.

அதற்குப் பிறகு இரண்டு வாரமும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாமல் இருப்பது இவ்வளவு சந்தோஷமான விஷயம் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று! அப்பா காலையில் அம்மாவோடு பஸ்ஸில் போகிறார், மீட்டரைப் பார்க்கிறார், ஆயாம்மா எழுதிக்கொள்கிறார். பட்டன் அத்தையின் அண்ணன் பழைய செய்தித்தாள்களை மடித்து எல்லோருக்கும் தபால் கொடுக்கிறார். காஜா அக்காவின் மாமியார் நாள் முழுக்கத் தூங்கிவிட்டு, கிளம்பும் நேரத்தில் மட்டும், யாரும் எனக்குச் சோறு போடவில்லை என்று மேனேஜரிடம் புகார் சொல்கிறார். வாத்துப் படத்தை அம்மா எடுக்கச் சொல்லவில்லை, அப்பாவுக்குப் பிடித்திருக்கிறதாம். பட்டன் அத்தை மதியம் உட்கார்ந்து சாப்பிடுகிறார், முகம்கூடக் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. நேற்று ஒட்டிய நோட்டீசில் ஒரு வருஷத்துக்கு அனுமதி என்று இருக்கிறது. பெரிய நாற்காலிகள் ஆறு வாங்குகிறார்கள், மூன்றுக்குப் பதில் ஏன் ஆறு என்றால், இன்னும் ஆள் வருமாம். நேற்றே நோட்டீசைப் படித்துவிட்டு வெட்டும் பிரிவு மாஸ்டர் ஒருவர் எல்லோரும் போகும்வரை காத்திருந்து, "எங்கம்மாவையும் கூட்டிட்டு வரலாங்களா" என்று அம்மாவிடம் மெதுவாகக் கேட்டாராம். ஆண்களும் இதை மறைத்துத்தான் வைத்திருந்திருக்கிறார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுதமாட்டேன், நீ என்னை நம்ப வேண்டும் என்பதால். கணக்கு டீச்சர் இன்னும் வரவில்லை, கம்பெனி அறை கம்பெனிக்காரர்களுக்கு மட்டும்தான். எங்கள் தலைமை ஆசிரியையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பாதி உடைந்த வாத்தியங்களோடு பூட்டிக் கிடக்கும் இசை அறையில் டீச்சரின் அப்பாவைப் பகலில் உட்கார வைக்கலாமா என்று அவரே யோசித்தபடி, "எழுதிக் கொண்டுவா பார்ப்போம்" என்றார், எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்பாவின் நோய் குறையவும் இல்லை. சில நாள் என்னை நீ என்று நினைத்துப் பேசுகிறார், பரீட்சை எப்படி எழுதினே என்று உன் பழைய பரீட்சையைப் பற்றிக் கேட்கிறார், நன்றாக எழுதினேன் என்று சொல்லிவிடுகிறேன். சில நாள் என்னை யார் வீட்டுப் பெண் என்கிறார். நீ வர நினைப்பது அம்மாவின் வேலைக்காக மட்டும் இல்லை, உன்னை அவர் மறப்பதற்குள் வந்துவிட வேண்டும் என்றுதான் என்று எனக்குத் தெரியும் அக்கா. இதை எழுதும்போது அம்மா பின்னால் வந்து நின்று படித்துவிட்டாள். பேனாவைக் கொடு என்கிறாள்.

பெரியவளே, அம்மா. சின்னவள் எழுதியதெல்லாம் நிஜம்தான், என்னைப் பற்றிக் கொஞ்சம் கூட்டி எழுதியிருக்கிறாள், எனக்குக் கால் நடுங்கியதை விட்டுவிட்டாள். அடுப்பில் பால் இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். நீ அந்த வேலைக்குப் படித்தபோது அப்பா ஓய்வு நேரத்தில் இன்னொருவர் ஏரியாவுக்கும் சேர்த்து மீட்டர் எடுத்தார். அவருக்கு அது இப்போது நினைவில்லை, எனக்கு இருக்கிறது. நீ எழுதிக் கொடுத்துவிட்டாய் என்றால் நாளைக் காலையில் முதல் வேலையாகப் போய்த் திரும்ப வாங்கு, வெட்கப்படாதே, நானே கேட்டுப் பழகிவிட்டேன், கேட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. ஒரு நாள் அப்பாவுக்கு உன்னைத் தெரியாமல் போகும். நீ இங்கேயே இருந்தாலும் போகும், கூடவே இருக்கிற எனக்கே சில காலைகளில் அப்படித்தான். அதைத் தடுக்க உன்னாலும் ஆகாது என்னாலும் ஆகாது, அதற்காக உன் வாழ்க்கையைக் கொண்டுவந்து வாசலில் அடைப்பாக வைக்காதே. அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. நீ அவரைப் பார்க்க வா. லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வா, மகளாக வந்து பக்கத்தில் உட்கார், அவர் உன்னை யாரென்று கேட்டால் பேரைச் சொல், மறுபடி கேட்டால் மறுபடி சொல். அழுகை வந்தால் என்னிடம் வந்து அழு. போகும் நாள் வந்ததும் சிரித்துக்கொண்டு வேலைக்குத் திரும்பிப் போ.

நீ தொடுகிற காரியம் துலங்கட்டும், உன் கையால் ஊசி குத்திக்கொள்கிறவர்கள் எழுந்து நடக்கட்டும், நீ நூறு வயது நல்ல நினைவோடு இருக்க வேண்டும். காலைச் சாப்பாட்டை விடாதே. லீவு எந்தத் தேதியிலிருந்து என்று இன்றைக்கே கேட்டுச் சொல், அன்றைக்கு நானும் லீவு போட வேண்டும், இந்தத் தடவை இடுப்பு வலி என்று சொல்லப்போவதில்லை, மகள் வருகிறாள் என்று சொல்வேன்.

என்றும் உன் நலம் நாடும்,
அம்மா

(முக்கால்வாசி எழுதியவள்: உன் தங்கை. பால் பொங்கிவிட்டது.)